ஐம்பது மடங்கு ஆழம்: டிக்கோயா வீதிப் பட்டறையில் போட்ட ஒரு துளை

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குச் செல்லும் வீதியோரத்தில், தேயிலைச் சரிவுக்குக் கீழே தகரக் கூரையுடன் நிற்கும் ஒரு லேத் பட்டறையில் நாங்கள் செய்துகொண்ட ஆழ்துளை வேலையைப் பற்றிய மதிப்பீடு இது. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆழ்துளை போடும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் கூட்டம் சேர்ந்தால் வேலையின் தரம் குறைந்துவிடும் என்று சொல்லி, தம் பெயரை எழுத வேண்டாம் என உரிமையாளர் கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். அந்தப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் எந்த டீமேக்கரிடம் விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்.

நான் மஸ்கெலியாப் பகுதியில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தின் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது பெல்ட்டன் வகை டர்பைன். மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் நீர், நொசிலிலிருந்து ஒரே தாரையாகப் பாய்ந்து சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. மின்கம்பியில் கோளாறு ஏற்பட்டு மின்பிறப்பாக்கியின் சுமை திடீரென்று அற்றுப்போனால், சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடிக்கொண்டிருப்பது 1800 சுற்றை நெருங்கிவிடும். அந்த நேரத்தில் நொசிலைச் சட்டென்று மூடவும் முடியாது. மூடினால் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கும் நீரின் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயையே பிளந்துவிடக்கூடும். ஆகவேதான் நீர்த்தாரைக்குக் குறுக்கே இறங்கி அதைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும் டிஃப்லெக்டர் என்ற தகடு இருக்கிறது. அந்தத் தகட்டைத் தாங்கும் ஷாஃப்ட்டின் உள்முனை, கவசத்துக்குள், எப்போதும் நீர் தெறிக்கும் இடத்தில் ஒரு வெண்கலப் புஷ்ஷில், அதாவது அது திரும்புவதற்கான உறையில், அமர்ந்திருக்கிறது. அந்தப் புஷ் வறண்டு இறுகிப்போனால் டிஃப்லெக்டர் அசையாது; அசையாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அந்த உள்புஷ்ஷுக்கு கிரீஸ் கொடுக்க வேண்டுமானால் டர்பைனை நிறுத்திக் கவசத்தைத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில், ஒவ்வொரு மணி நேர நீரும் வருமானமாக இருக்கும் நாட்களில், அந்த வேலை தள்ளிக்கொண்டே போகும். இதற்கு மாற்றாக, ஷாஃப்ட்டின் வெளிமுனையிலிருந்து உள்ளே ஒரு நீண்ட துளையைக் கொண்டுசென்று, புஷ் இருக்கும் இடத்தில் ஒரு சிறு குறுக்குத் துளையால் வெளியே எடுத்துவிட்டால், வெளியே நின்றபடியே கிரீஸ் துப்பாக்கியால் உள்ளே அனுப்பலாம். எண்ணம் எளிமையானது. ஆனால் துளையின் விட்டம் 8 மில்லிமீற்றர், ஆழம் 420 மில்லிமீற்றர். விட்டத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அத்தோடு உள்முனை மூடியே இருக்க வேண்டும். திறந்தால் நீர் புகுந்துவிடும். இரு பக்கத்திலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்கவைக்கும் வழக்கமான பட்டறை உத்திக்கு இங்கே இடமில்லை. ஷாஃப்ட்டின் பெரும்பகுதி 50 மில்லிமீற்றர் விட்டமாக இருந்தாலும், புஷ்ஷில் அமரும் கடைசி 80 மில்லிமீற்றர் நீளம் 24 மில்லிமீற்றராகச் சிறுக்கிறது. அதிலே ஓ-ரிங் என்ற கசிவு தடுக்கும் ரப்பர் வளையத்துக்காக 2.5 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு பள்ளமும் வெட்டப்பட்டிருக்கிறது. துளை மிகச் சரியாக நடுவில் சென்றால் அந்தப் பள்ளத்துக்கும் துளைக்கும் இடையே 5.5 மில்லிமீற்றர் உலோகம் எஞ்சும். துளை சாய்ந்தால் அந்த ஐந்தரையிலிருந்துதான் கழியும்.

முதலில் மலையகத்தின் வேறொரு நகரில் இருக்கும் பட்டறைக்குக் கொடுத்தோம். அங்கே சாதாரண முறுக்கு டிரில் பிட்டின் பின்புறத்தில் ஒரு கம்பியைப் பற்றவைத்து நீட்டி, லேத்தின் பின்முனைத் தாங்கியான டெயில் ஸ்டொக்கில் பிடித்து, சிறிது துளைப்பதும் வெளியே இழுத்துச் சீவல் தட்டுவதுமாக வேலை நடந்தது. 190 மில்லிமீற்றர் அளவில் பிட் இறுகி உள்ளேயே முறிந்துவிட்டது. ஷாஃப்ட்டை வாங்கிவந்து எங்கள் ரம்பத்தில் அறுத்துப் பார்த்தேன். முறிந்த இடத்தில் துளையின் மையம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் விலகியிருந்தது. அந்தப் பட்டறையின் மீது எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் அந்தக் கருவியால் அந்த வேலை ஆகாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நான்தான். ஆனாலும் நல்ல உருக்குக் கோல் ஒன்றும் மூன்று வாரமும் போய்விட்டன.

முறுக்கு பிட் ஏன் ஓடிவிடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மதிப்பீட்டின் மற்ற எல்லாமே அதில்தான் தங்கியிருக்கிறது. அந்தப் பிட்டின் நுனியின் நடுப்பகுதி உண்மையில் வெட்டுவதில்லை. உளியின் விளிம்பைப் போல உலோகத்தை அழுத்தி ஒதுக்குகிறது. இரு பக்கத்து வெட்டு விளிம்புகளும் தீட்டும்போது ஒரு மயிரிழை வேறுபட்டாலும், உலோகத்தில் ஒரு பக்கம் சற்றுக் கடினமாக இருந்தாலும், நுனி இளகிய பக்கம் சாயும். விலகல் ஆழத்தோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஒருமுறை சாய்ந்த நீண்ட பிட் தான் சாய்ந்த திசையிலேயே வளைந்து வளைந்து போகும். சீவல்களோ முறுக்குப் பள்ளத்தில் ஏறி வெளியே வர வேண்டும். ஆழம் கூடக்கூட அவை நெருக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த சீவல் துளைச் சுவரைக் கீறும், சூடேறும், கடைசியில் பிட்டை முறிக்கும்.

கன் டிரில் என்று சொல்லப்படும் கருவி, பெயருக்கேற்பத் துப்பாக்கிக் குழல் துளைக்கப் பிறந்தது. அதற்கு வெட்டு விளிம்பு ஒன்றுதான். நீளமான உருக்குக் குழாய் ஒன்றை ஒரு பக்கம் அமுக்கி நெடுகிலும் நேரான, விரிந்த பள்ளம் உண்டாக்கி, நுனியில் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளின் துண்டைப் பொருத்தியிருப்பார்கள். குழாயின் உட்பக்கம் வழியாக உயர் அழுத்தத்தில் எண்ணெய் நுனிக்குச் சென்று, வெட்டிய சீவலைத் தள்ளிக்கொண்டு வெளிப் பள்ளம் வழியாகத் திரும்பி வருகிறது. ஆகவே சீவல் தட்டுவதற்காகக் கருவியை வெளியே இழுக்க வேண்டியதே இல்லை. நுழைந்தால் அடி தொடும் வரை ஒரே ஓட்டம். அதைவிட முக்கியமானது துளையை நேராகக் கொண்டுசெல்லும் விதம். ஒரே பக்கத்தில் வெட்டுவதால் விசை சமநிலையின்றி மறுபக்கம் தள்ளும். தள்ளப்படும் பக்கத்தில் வழவழப்பான தாங்கு பட்டைகள் இருக்கின்றன. அவை சற்றுமுன் வெட்டப்பட்ட துளைச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு நகர்கின்றன. துளையே கருவிக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. பட்டைகள் தேய்த்துச் செல்வதால் சுவரும் மெருகேறுகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். தொடக்கத்தில் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. அந்த முதல் சில மில்லிமீற்றருக்கான சுவரைத் துல்லியமாகச் செய்து கொடுப்பதில்தான் முழுத் துளையின் நேர்த்தன்மையும் இருக்கிறது. டிக்கோயா வீதிப் பட்டறையில் நான் கண்ட மிகப் பெரிய நன்மை, இந்த உண்மையை உணர்ந்து அதற்குரிய நேரத்தைக் கொடுப்பதுதான்.

முதல் நாள் நான் கடைந்து முடித்த புதிய ஷாஃப்ட்டைக் கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "முடிச்ச சாமான்ல நான் ஓட்டை போட மாட்டேன் சேர். கோலாவே கொண்டு வாங்க. ஓட்டைய முதல்ல போடுவோம், பிறகு ஓட்டைக்கு ஏத்த மாதிரி வெளிப்பக்கத்தக் கடைவோம்" என்றார். அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுபடியும் ஒரு கோல் வாங்க வேண்டும், மஸ்கெலியாவுக்கும் ஹட்டனுக்கும் மறுபடியும் அலைய வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் இருந்த நியாயம் வீடு திரும்பும் வழியிலேயே புரிந்துவிட்டது. எந்த ஆழ்துளையும் சிறிதளவாவது விலகும். வெளிவிட்டத்தில் மிச்சம் வைத்திருந்தால், விலகிய துளையையே புதிய மையமாக வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தைக் கடைந்து அந்த விலகலைத் தீர்த்துவிடலாம். முடித்த ஷாஃப்ட்டில் அந்த வாய்ப்பு இல்லை. கையில் வந்த வேலையைப் பணத்துக்காக ஏற்காமல் திருப்பி அனுப்பும் பட்டறைகள் அரிது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் என் மதிப்பு உயர்ந்தது.

56 மில்லிமீற்றர் விட்டமுள்ள 431 வகைத் துருவேறா உருக்குக் கோலை எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்துச் சென்றேன். வேலை முடியும் வரை அங்கேயே நின்று பார்க்கவும் அனுமதித்தார். ஆழ்துளைக்கென்று தொழிற்சாலையில் செய்த இயந்திரம் அல்ல அது. பழைய ஆங்கிலேய லேத் ஒன்றின் பின்புறத்தில் டெயில் ஸ்டொக்கை நீக்கிவிட்டு, கன் டிரில்லைப் பிடிக்கும் தலையையும், அதை மெதுவாகவும் சீராகவும் முன்னே செலுத்தும் தனி மோட்டாரையும் அவரே பொருத்தியிருக்கிறார். லேத்தின் சொந்தக் கியர்களில் இவ்வளவு நுண்ணிய நகர்வு கிடைக்காது என்பதால் அந்த ஏற்பாடு. பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி, வடிகட்டி, பம்பு, அழுத்தமானி. அடைப்பு ஏற்பட்டு அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் முன்நகர்வைத் தானே நிறுத்திவிடும் சுவிட்சும் இருக்கிறது. இந்தச் சுவிட்ச் இல்லாத இடத்தில் கன் டிரில் வேலையை யாரும் கொடுக்க வேண்டாம் என்பேன்.

இங்கே சுழல்வது கோல். கருவி சுழலாமல் முன்னேறுகிறது. இது தற்செயலான வசதி அல்ல. கருவி மட்டும் சுழலும்போது ஏற்படும் விலகலைவிட, வேலைப்பொருள் சுழலும்போது விலகல் குறைவு. இரண்டும் எதிரெதிராகச் சுழன்றால் இன்னும் குறையும். பொருளைச் சுழற்றிக் கருவியை நிலையாக வைக்கும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் இரும்பாலை அதிபர் ஜோன் வில்கின்சன் 1774 இல் காப்புரிமை பெற்ற பீரங்கி துளைக்கும் முறையிலும் வார்த்த திண்மமான பீரங்கிதான் சுழன்றது, துளைக்கும் தண்டு சுழலவில்லை. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும், டிக்கோயா வீதியில் ஒரு தகரக் கூரையின் கீழ் அதே இயற்பியல்தான் வேலை செய்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

காலை எட்டரை மணிக்கு வந்த எனக்கு, முதல் சீவல் விழுவதைப் பார்க்கப் பதினொன்றரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மணி நேரமும் ஆயத்தம். கோலை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜின் முள் அசைவு ஓர் இழைக்குள் அடங்கும் வரை ஒவ்வொரு தாடையாக இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார். பிறகு டயல் கேஜைச் சக்கிலே பொருத்தி, கன் டிரில்லைப் பிடிக்கும் தலையின் துளைக்குள் முள்ளை விட்டுக் கையால் சுற்றினார். சக்கின் மையமும் கருவியின் மையமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. காலை வெயில் கூரையில் ஏறிய பின் அதே சோதனையை மறுபடியும் செய்தார். அதற்குப் பின்னரே வழிகாட்டித் துளை. குட்டையான கார்பைட் பிட்டால் தொடங்கி, சிறு போரிங் கருவியால் ஒவ்வொரு இழையாக விரித்து, 16 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 8.03 மில்லிமீற்றர் விட்டத்தில் முடித்தார். அளவு ஊசிகள் அடுக்கிய மரப்பெட்டியிலிருந்து 8.02 ஊசியை எடுத்து உள்ளே விட்டபோது அது காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டு இறங்கியது. 8.04 ஊசி வாயிலேயே நின்றது. "சரி" என்ற ஒரே சொல்லோடு பெட்டியை மூடினார்.

தொடங்குவதற்கு முன் லேத்தின் தலைப்பகுதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கருவியின் நுனியை வழிகாட்டித் துளைக்குள் கையால் நுழைத்து, சீவல் பெட்டியைக் கோலின் முகத்தோடு அழுத்திப் பூட்டி, எண்ணெய்ப் பம்பைத் திறந்து, அழுத்தம் 60 பாரைத் தொட்ட பிறகே கோலைச் சுழலவிட்டார். நிமிடத்துக்கு 1200 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.02 மில்லிமீற்றர் முன்நகர்வு. அதாவது நிமிடத்துக்கு 24 மில்லிமீற்றர். முழு ஆழத்துக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம். மூன்று மணி நேர ஆயத்தம், பதினேழு நிமிட வேலை.

அந்தப் பதினேழு நிமிடமும் அவர் துளையைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எண்ணெய் திரும்பி விழும் சல்லடையின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விழும் சீவல்களை விரல் நுனியால் எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எடுத்துப் பார்த்தேன். பிஓபி தேயிலைத் தூளைப் போலச் சிறு சிறு சுருள்கள், ஒவ்வொன்றும் ஒன்பது என்ற இலக்கத்தின் வடிவில் வளைந்து, ஏறக்குறைய ஒரே அளவாக. இவை நீண்டு நூலாக வரத் தொடங்கினால் விளிம்பு மழுங்குகிறது என்றும், நீல நிறம் ஏறினால் எண்ணெய் போதவில்லை என்றும் அவர் விளக்கினார். மற்றக் கையை எண்ணெய் தெறிக்காத பின்பகுதியில், கருவித் தண்டைத் தாங்கும் வளையத்தின் மேல் வைத்திருந்தார். ஓசை மாறுவதற்கு முன் அதிர்வு மாறும் என்பது அவர் அனுபவம். 300 மில்லிமீற்றரைத் தாண்டியபோது சீவல் சற்று நீளமாக வந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் முன்நகர்வை ஒரு சிறு அளவு கூட்டினார்; சில விநாடியில் பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1798 இல் வெளியான ஆய்வுரையில் ரம்ஃபோர்ட் பிரபு, மியூனிக்கில் பீரங்கி துளைக்கும்போது மழுங்கிய கருவியின் உராய்வு வெப்பத்தைக் கொண்டே தண்ணீரைக் கொதிக்கவைத்ததை விவரித்தார். எட்டு மில்லிமீற்றர் துளையின் அடியில், அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் எழும் அந்த வெப்பத்தை வெளியே கொண்டுவர வேறு வழியே இல்லை. எண்ணெய்தான் குளிர்விக்க வேண்டும், வழுக்க வேண்டும், சீவலைச் சுமக்க வேண்டும். ஆகவே இந்தப் பட்டறையில் தண்ணீர் கலந்த வெள்ளைக் குளிர்திரவத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்துவதில்லை; கந்தகம் சேர்ந்த தூய வெட்டெண்ணெய்தான். அதனால் வரும் ஒரு சங்கடத்தைக் குறைகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

துளை முடிந்ததும் அளவு. நீண்ட கம்பியின் நுனியில் பொருத்திய 8.00 ஊசி எண்ணெயோடு வழுக்கி அடிவரை சென்றது. 8.02 ஊசி வழிகாட்டித் துளையின் 16 மில்லிமீற்றரைக் கடந்ததும் நின்றுவிட்டது. அதாவது 420 மில்லிமீற்றர் நெடுகிலும் விட்டம் 8.00 க்குக் குறையவில்லை; வழிகாட்டித் துளையைக் கடந்த இடத்தில் 8.02 ஐ எட்டவும் இல்லை. துளை நேராக இருக்கிறதா என்று அளப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் மறுமுனை மூடியிருப்பதால் உள்ளே ஊடுருவிப் பார்க்க முடியாது. இதற்காக எங்கள் நிலையத்தின் மீயொலித் தடிப்புமானியை நான் கொண்டுபோயிருந்தேன். குழாய்களின் சுவர் தேய்மானத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் கருவிதான். வெளியிலிருந்து அனுப்பும் ஒலி துளைச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உலோகத்தின் தடிப்பைச் சொல்லும். அதே உருக்கின் துண்டு ஒன்றில் அளவைச் சரிபார்த்துக்கொண்டு, 400 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நேரே கோலைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தோம். துளை மிகச் சரியாக நடுவில் இருந்தால் எல்லா இடத்திலும் 24.00 காட்ட வேண்டும். ஒரு திசையில் இரு பக்கமும் 24.00, அதற்குக் குறுக்குத் திசையில் ஒரு பக்கம் 23.87, எதிர்ப்பக்கம் 24.13. ஆகவே மையத்தின் விலகல் 0.13 மில்லிமீற்றர். மூன்று முறை மீண்டும் அளந்தேன். எண்கள் நூற்றில் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் மாறவில்லை. முந்திய பட்டறையில் 190 மில்லிமீற்றரிலேயே இரண்டரை மில்லிமீற்றர் விலகியதை அறுத்துப் பார்த்த கண்ணுக்கு, இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதியபோது கை நடுங்கியது என்றால் மிகையல்ல.

அந்த 0.13 ஐயும் அவர் விட்டுவைக்கவில்லை. விலகல் நேராகக் கூடியிருக்கிறது என்று கொண்டு, கோலின் மூடிய முனையில் மையக் குழியை விலகிய திசையில் 0.15 மில்லிமீற்றர் தள்ளிப் போட்டு, அந்தப் புதிய மையத்துக்கும் துளையின் வாய்க்கும் இடையே பிடித்து வெளிப்பக்கத்தைக் கடைந்தார். முடிந்த ஷாஃப்ட்டில் 24 மில்லிமீற்றர் பகுதியை நான் அளந்தபோது சுவர்த் தடிப்பில் காணக்கூடிய வேறுபாடே இல்லை.

இனிக் குறைகள். முதலாவது, எனக்கு மிகவும் கவலை தருவது. 60 பார் அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் இயந்திரத்தின் அருகே உதவிக்கு நின்ற இளைஞர் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் நின்றார். அந்த அழுத்தத்தில் ஒரு ரப்பர்க் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். "தம்பி, கண்ணாடிய போடுங்க" என்று நான் சொன்னதும் எடுத்துப் போட்டுக்கொண்டார்; கண்ணாடி மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் விசிறியும் இல்லை. மதியத்துக்குள் கூரையின் கீழ் ஒரு படலம் தேங்கி, தொண்டை கரகரத்தது. இவ்வளவு நுட்பமாக வேலை செய்பவர் இந்த இரண்டையும் கவனிக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை அவரிடமே சொன்னேன், விசிறி வைப்பதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்தது குறுக்குத் துளை. 5 மில்லிமீற்றர் குறுக்குத் துளை ஆழ்துளையைச் சந்திக்கும் இடத்தில் உள்ளே பிசிறு எஞ்சியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விளக்கைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தபோதுதான் ஒரு மெல்லிய உலோக நாக்கு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது பிய்ந்து கிரீஸோடு போய்ப் புஷ்ஷில் அகப்பட்டால் நாம் செய்த வேலை முழுவதும் வீண். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து வாங்கினேன். கேட்டதும் மறுக்காமல் செய்தார், காசும் வாங்கவில்லை. ஆனால் கேட்காமலே செய்திருக்க வேண்டியது. மூடிய துளையின் அடியில் வெட்டெண்ணெயும் தேங்கியிருந்தது. கந்தகம் சேர்ந்த எண்ணெய் வெண்கலத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால், மெல்லிய குழாயை அடிவரை விட்டு மண்ணெண்ணெயால் மூன்று முறை கழுவிக் காற்றடித்த பிறகே நாங்கள் பொருத்தினோம். இந்த வேலையைக் கொடுப்பவர்கள் கழுவும் வேலையைத் தம் பொறுப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதமானது; தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அளவு அறிக்கை என்று எழுத்தில் எதுவும் கிடையாது; அளவுகளை ஓர் அட்டைத் துண்டில் பென்சிலால் எழுதித் தருகிறார். என்னைப் போல நேரில் நின்று அளந்துகொள்பவருக்கு அது போதும். காப்புறுதி நிறுவனத்துக்கோ பொறியியல் ஆலோசகருக்கோ அறிக்கை காட்ட வேண்டியவர்களுக்குப் போதாது. லேத்தின் வேகமும் ஒரு கட்டுப்பாடு. 1200 சுற்றில் எட்டு மில்லிமீற்றர் துளைக்குக் கிடைக்கும் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீற்றர்தான். கார்பைட் நுனி இதைவிட நன்கு அதிக வேகத்தில் வெட்ட வல்லது. எங்கள் உருக்குக்கு அது பிரச்சினையாகவில்லை, ஆனால் ஐந்து மில்லிமீற்றர் போன்ற சிறு துளைகளில் நேரம் இழுக்கும்.

5 முதல் 14 மில்லிமீற்றர் வரை விட்டமும், 700 மில்லிமீற்றர் வரை ஆழமும் உள்ள வேலைகளை எடுக்கிறார். 20 மில்லிமீற்றரைத் தாண்டிய பெரிய ஆழ்துளைகளுக்குச் சீவலைக் குழாயின் உட்பக்கம் வழியாக வெளியேற்றும் பிடிஏ முறைதான் பொருத்தம். அது இங்கே இல்லை, கேட்டால் அவரே இல்லை என்று சொல்லிவிடுவார். வளைந்த பொருள், சக்கில் சுழற்ற முடியாத வார்ப்பு, அச்சுப் பெட்டி போன்றவற்றுக்கும் இந்த அமைப்பு உதவாது.

கோல் எங்களுடையது. துளை, வெளிக்கடைசல், சாவிப் பள்ளம், குறுக்குத் துளை எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் வாங்கினார். கொழும்பில் கேட்டபோது சொன்ன தொகை இதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, போக்குவரத்து வேறு. மலிவு என்பதற்காக இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்கவில்லை. மூன்று மணி நேரம் மையம் பார்க்கும் ஒருவர், நாம் கொண்டுபோனது தவறான நிலையில் இருந்தால் வாங்க மறுக்கும் ஒருவர், நமக்கு ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறார் என்பதற்காகவே பரிந்துரைக்கிறேன். தோட்டத் தொழிற்சாலைகளில் ரோலர், டிரையர் ஆகியவற்றின் கைபடாத தாங்கிகளுக்கு எண்ணெய் வழி அமைக்க நினைப்பவர்களும் இவரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஷாஃப்ட்டைப் பொருத்தி ஏழு மாதம் ஆகிறது. பொருத்திய அன்று கவசத்தை மூடுவதற்கு முன், வெளியே என் உதவியாளர் கிரீஸ் துப்பாக்கியை அழுத்த, நான் உள்ளே விளக்கோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்றாவது அழுத்தலில் புஷ்ஷின் விளிம்பைச் சுற்றிப் புதிய கிரீஸ் ஒரு மெல்லிய வளையமாக எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பிதுங்கி வந்தது. அதன்பின் இரண்டு முறை மின்கம்பி அறுந்து சுமை அற்றது. இரண்டு முறையும் டிஃப்லெக்டர் இறங்கியது. இரண்டாவது டர்பைனுக்கான 56 மில்லிமீற்றர் கோலைச் சென்ற வாரம், கடையாமல், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கூரையின் கீழ் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.